மூக்கில் ஆறு ஈயம்

கச்சான் எழும்பிய முதல் கிழமை அது. மேற்கே வயல்வெளியில் புறப்பட்டு, மருதமுனையின் ஒழுங்கைகளுக்குள் புகுந்து கடலில் இறங்கும் அந்தச் சுடுகாற்று, கொடியில் போட்ட துணியைக் கால்மணி நேரத்தில் அப்பளமாக்கியது. ஊரே யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வியர்வை ஆறியது. சஹ்லாவின் தையல் அறையில் மட்டும் யன்னல் இரண்டும் சாத்திக் கிடந்தன. மின்விசிறியும் ஓடவில்லை. அவளுடைய வெட்டுமேசையில் அபாயாத் துணிக்குப் பதிலாக ஓர் இறக்கை கிடந்ததுதான் காரணம்.

சீனாவிலிருந்து வந்த இறக்கை. இருக்கிறவற்றில் மலிவான பெட்டி என்று பார்த்துத்தான் அவள் புருசன் பஸால் வரவழைத்திருந்தான். உள்ளே நெருப்புப்பெட்டிக் குச்சியை விட லேசான பல்சா மரத்தில் வெட்டிய துண்டுகள், சுண்டுவிரல் பருமனில் இரண்டு குட்டி மோட்டர்கள், ஒரு ரிமோட். மோட்டர் இரண்டும் வாலைத் திருப்புவதற்கு மட்டும். பறக்க வைப்பதற்கு இன்ஜின் கிடையாது; காற்றில் மிதந்தே பறக்க வேண்டும்.

"இன்ஜின் இல்லாத பிளேன ஆராச்சும் காசி குடுத்து வாங்குவாங்களா எண்டு மருமகன்ட்டக் கேளு மகள்" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் சுபைறா. சஹ்லாவின் உம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அவன் இரண்டடி தள்ளி நின்றாலும் பேச்சு மகள் வழியாகத்தான் போகும்.

"கிளைடர் எண்டா அப்பிடித்தான் எண்டு உம்மாட்டச் சொல்லு" என்றான் பஸால்.

சஹ்லா இரண்டையும் சொல்லவில்லை. அவளுடைய கண் அவன் கையில் இருந்தது. மரச்சட்டங்களின் மேல் மெல்லிய சிவப்புப் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். காற்றுப்பட்டால் அந்தத் தாள் சுருண்டுவிடுமாம். அவன் கையில் இருந்தது அவளுடைய அயன் பெட்டி.

"அடில பிளாஸ்டிக் ஒட்டினா நாளைக்கு நான் என்ன செய்ற? கறுப்பு அபாயால சிவப்பு ஒட்டினா ஆர் பதில் சொல்ற?"

"ஒட்டாது புள்ள. பருத்திக்கு வைக்கிற சூட்டில பாதி வெச்சாக் காணுமாம். றிஸ்னா சொன்னவ."

"அவ ஒட்டிப் பார்த்தவவா?"

"யூடியூப்ல பார்த்தவவாம்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, தாளில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அறை முழுக்கக் கருகல் மணம்.

"தள்ளுங்க அங்கால" என்றாள் சஹ்லா.

அயன் பெட்டியின் அடியைத் துடைத்தாள். பழைய பருத்திக் கைலேஞ்சித் துணியை அதன்மேல் இழுத்துக் கட்டினாள். மூலையில் வெட்டி எறிந்த துண்டொன்றில் சூட்டைச் சோதித்தாள். லைனிங் துணியைக் கோட்டுக்குள் படிய வைப்பதுபோல, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரு பக்கம் ஒட்டியதும் மறுபக்கத்தை விரலால் இழுத்துப் பிடித்து, மெல்ல மெல்லக் கொண்டுபோனாள். முக்கால் மணி நேரத்தில் இறக்கை றபான் மேளத்துத் தோல் மாதிரி விறைத்து நின்றது. ஒரு சுருக்கம் இல்லை.

பஸால் விரலால் தட்டிப் பார்த்தான். டங்கென்றது. "மாஷா அல்லாஹ்" என்றான். சஹ்லா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று நின்றாள். அவன் ஃபோனை எடுத்தான். இறக்கையைப் படமெடுத்து அந்த இடத்திலேயே றிஸ்னாவுக்கு அனுப்பினான்.

ஒரு நிமிடத்தில் குரல் வந்தது. "மச்சான்! சூப்பர் மச்சான்! சூடு நான் சொன்ன அளவா வெச்ச?"

"ஓம் மச்சி, நீ சொன்ன அளவுதான்" என்று ஃபோனுக்குள் சொன்னான் பஸால்.

மச்சான். அந்தச் சொல்தான் சஹ்லாவின் நெஞ்சில் முள்ளாக ஏறியது. இந்தப் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல அவளும் கலியாணம் முடித்த இரண்டு வருடமாகப் புருசனை மச்சான் என்றுதான் கூப்பிட்டு வந்தாள். றிஸ்னாவுக்கு அந்தச் சொல் கலியாணத்தால் வந்ததல்ல, பிறப்பால் வந்தது. அவள் பஸாலின் மாமி ஸகியாவின் மகள். மச்சி முறை. சஹ்லா அவனைப் பார்க்க முந்தியே பல வருடமாக அவள் அவனை மச்சான் என்றிருக்கிறாள். தான் கூப்பிடுவது அவளுடைய பழைய உடுப்பை வாங்கி உடுத்தது போலாகிவிட்டது சஹ்லாவுக்கு. அன்றையிலிருந்து அவனை "இஞ்சாருங்க" என்றாள். அவன் கவனிக்கவேயில்லை. அது இன்னொரு கோபம்.

*

றிஸ்னா அக்கரைப்பற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பம் படிப்பிக்கிறாள். குட்டிமோட்டர் என்றால் அதன் பல்லு எத்தனை என்று சொல்வாள். காற்று என்றால் அது இறக்கையின் மேலே எப்படிப் போகும், கீழே எப்படிப் போகும் என்று பென்சிலால் கீறிக் காட்டுவாள். பஸால் கல்முனையில் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். எரிந்த கம்பிச்சுருளைப் பிரித்துத் திரும்பச் சுற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவன் பேச்சை வாய் திறந்து கேட்கிற ஆள் ஊரில் றிஸ்னா ஒருத்திதான். சஹ்லாவும் கேட்பாள். ஆனால் அவள் கேட்கும்போது கையில் ஊசி இருக்கும், கண் தையலில் இருக்கும். றிஸ்னா கேட்டால் எதிர்க்கேள்வி கேட்பாள்.

அது மட்டுமென்றால் சஹ்லா பொறுத்திருப்பாள். விசயம் அதற்கும் கீழே, அத்திவாரத்தில் கிடந்தது.

இங்கே பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்கு வந்து இறங்குவார். பஸாலுக்கும் றிஸ்னாவுக்கும் சின்னதிலிருந்தே பேச்சிருந்தது. றிஸ்னாவின் வாப்பா சுவரை யன்னல் மட்டத்துக்குக் கொண்டுவந்த வருடம் மௌத்தாகிப் போனார். சுவர் நின்றபடி நின்று பாசி பிடித்தது. பேச்சும் அதோடு நின்றது. பிறகு சஹ்லாவின் வீட்டிலிருந்து ஆள் போனது. சஹ்லாவின் வாப்பா கண்ணை மூடுமுன் வீட்டுக்கு ஓடு போட்டு, வாசலில் மாதுளங்கன்றும் நட்டுவிட்டார்.

ஆக, தன்னிடம் ஓடு இருந்தது, அவளிடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சஹ்லா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இப்போது றிஸ்னா தன் சம்பளத்தில் அந்தச் சுவரை உயர்த்திக்கொண்டிருந்தாள். இந்த மாதம் கூரைக்குக் கொங்கிரீட் பிளேட் போடப்போகிறார்களாம். அவள் வீட்டுச் சுவர் ஒரு வரி உயரும்போதெல்லாம் சஹ்லாவுக்கு நித்திரை ஒரு மணி நேரம் குறைந்தது.

சுபைறாவும் சும்மா இருக்கவில்லை. "மாமிட மகளுக்குப் பிளேட் போடுற நாளைக்கு மருமகனும் போறாராமா எண்டு கேளு."

"நீங்களே கேளுங்க உம்மா."

"நான் எப்பிடிக் கேக்கிற? வெக்கம் கெட்ட கதையாப் போகும்."

*

கிளைடரை முதன்முதல் விளையாட்டு மைதானத்தில் விட்டபோது அது மூக்கை உயர்த்திக்கொண்டு ஏறியது. ஏறி, மூச்சுப் போனதுபோல ஒரு கணம் நின்று, தலைகீழாக வந்து குத்தியது. மூக்கு இரண்டாகப் பிளந்தது. பஸால் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அடுத்த நாள் றிஸ்னா உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தையல் அறையில் சஹ்லாவின் கதிரையில்தான் இருந்தாள். சஹ்லா இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். றிஸ்னா இறக்கைக்கு அடியில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து, "இந்த எடத்தில ரெண்டு விரல வெச்சுத் தூக்கினா கிளைடர் நேரா நிக்கணும் மச்சான். இப்ப வால் பாரம். மூக்குக்குப் பாரம் போடுங்க" என்றாள்.

பாரத்துக்குக் கடற்கரைக்குப் போய் வீச்சுவலையில் கோக்கிற ஈயக்குண்டுகளை வாங்கி வந்தான் பஸால். ஒன்று, இரண்டு என்று மூக்குக்குள் போட்டுக்கொண்டே போனார்கள். ஆறாவது குண்டில் கிளைடர் விரல் நுனியில் நேராக நின்றது.

"ஆறு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே குரலில்.

"தங்கச்சி, பிளேன்டீ நல்லா இரிக்கு" என்றாள் றிஸ்னா. முறைப்படி மச்சானின் மனைவி தங்கச்சிதான். சஹ்லா சிரித்து வைத்தாள்.

ஆறு ஈயத்தோடு கிளைடர் பத்திரமாகப் பறந்தது. எறிந்தால், இறைச்சிக்கடையைக் கண்ட காகம் மாதிரி நேரே போய், இருபத்தைந்து செக்கனில் இறங்கிவிடும். மிதக்கவில்லை. அதை மிதக்க வைக்கத்தான் ஒன்றரை மாதம் போனது. இறக்கை நுனி இரண்டையும் வெட்டி மேல்நோக்கி ஒட்டினான். வாலைப் பெரிதாக்கினான். குடைக்கம்பியைக் கழற்றி உள்ளே சொருகினான். ரப்பர் பட்டியும் தங்கூசி நூலும் கட்டி, கவணில் விடுவதுபோல இழுத்து ஏற்றிவிடும் ஏற்பாடு செய்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இறக்கைத் தாள் கிழியும். ஒவ்வொரு முறையும் சஹ்லா அயன் பெட்டிக்குக் கைலேஞ்சி கட்டுவாள். நாற்பது செக்கன் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"ஈயத்தக் கொஞ்சம் குறைச்சா என்ன?" என்று ஒருநாள் சஹ்லா கேட்டாள். சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

பஸால் பதறிப்போனான். "அதுல மட்டும் கை வைக்கப்படாது புள்ள! மொத நாள் என்ன நடந்த எண்டு தெரியும்தானே? ஈயம் குறைஞ்சா மூக்கத் தூக்கும், விழும். றிஸ்னா கணக்குப் பார்த்து வெச்ச."

றிஸ்னா வெச்ச. றிஸ்னா சொன்ன. சஹ்லா ஊசியில் நூலைக் கோத்தாள். மூன்று தரம் தவறிற்று.

பிறகு அந்தச் செய்தி வந்தது. றிஸ்னாவின் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் கிளைடர் வகுப்பு ஒன்று தொடங்கப் போகிறார்களாம். கையால் செய்து காட்ட ஆள் வேண்டுமாம். "அஞ்சு நிமிசம் மேல நிக்கட்டும் மச்சான், நான் வீடியோ எடுத்து பள்ளிக்கூட அதிபர்ட்டக் காட்டுறன். மறுகா சனிக்கிழம சனிக்கிழம நீங்கதான்."

பஸாலின் முகம் அப்படி மலர்ந்ததை சஹ்லா கலியாண வீடியோவில்கூடக் காணவில்லை. ஐந்து நிமிடம் அது மேலே நின்றால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் றிஸ்னாவின் பள்ளிக்கூடத்தில். அவள் கதிரை, அவள் மேசை, அவள் கரும்பலகை. மச்சான் அப்படி, மச்சான் இப்படி.

*

வயல்வட்டையில் வெள்ளாமை வெட்டி முடிந்த கிழமை. வெள்ளிக்கிழமை, கடை பூட்டு. "இண்டைக்கு அசறுத் தொழுகைக்குப் பிறகு வட்டைக்குப் போவம். வெட்டின நெல்லுத் தாள் சூடாகிக் கிடக்கும், சூட்டுக் காத்து மேல தூக்கும் எண்டு றிஸ்னா சொன்னவ. நீயும் வா புள்ள" என்று சொல்லிவிட்டு பஸால் குளித்து, அத்தர் பூசி, ஜும்ஆவுக்குப் போனான்.

ஒழுங்கையில் ஆண் வாடையே இல்லை. அடுப்படியில் சுபைறா கீரிமீன் ஆணத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா கேட்டது. வடிகானில் குப்பை கொட்டுவதைப் பற்றி இமாம் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டுமேசையில் கிளைடர் படுத்திருந்தது.

சஹ்லா அதன் மூக்கு மூடியைக் கழற்றினாள். பஞ்சுக்குள் ஆறு ஈயமும் கோழிக்கூட்டு முட்டைபோல ஒடுங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். விரலுக்கிடையில் வைத்துப் பார்த்தாள். அவன் ஒன்றரை மாதம் குனிந்து நின்ற முதுகு நினைவுக்கு வந்தது, பாவமாக இருந்தது. திரும்பப் போட்டுவிடத்தான் நினைத்தாள். "ஆறு!" என்று இருவரும் சேர்ந்து சொன்ன குரலும் கூடவே வந்தது. இரண்டாவதையும் எடுத்தாள். பஞ்சை உருட்டி இடத்தை நிரப்பி மூடியை மூடினாள்.

எங்கே ஒளிப்பது? மேசை லாச்சியில் போட்டால் கத்தரிக்கோல் தேடி அவன் திறப்பான். கச்சான் காலத்தில் அபாயா விளிம்பு பறக்காமலிருக்க, கேட்பவர்களுக்குக் கரையில் சின்ன ஈயம் வைத்துத் தைத்துக் கொடுப்பது அவள் வழக்கம். தன்னுடைய அபாயாவை எடுத்தாள். வலது கரையை இரண்டு அங்குலம் பிரித்து, இரண்டு குண்டையும் உள்ளே தள்ளி, நாலு தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

"மகள், என்ன சத்தத்தக் காணல்ல?"

"தைக்கிறன் உம்மா."

*

வட்டை வெளித்துக் கிடந்தது. வெட்டுமெசின் போன தடத்தில் வைக்கோல் வரிவரியாகக் கிடக்க, கொக்குகள் அதற்குள் எதையோ தேடிக்கொண்டு நடந்தன. மேற்கே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காற்று ஒரே சீராக முகத்தில் அடித்தது. றிஸ்னா ஸ்கூட்டரில் உம்மாவை ஏற்றிக்கொண்டு முந்தியே வந்து நின்றாள். அவளுடைய அபாயாவும் ஸகியா மாமியின் அபாயாவும் பின்னால் கொடிபோலப் படபடத்தன. மாமி ஒரு கையால் முக்காட்டையும் மறு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வே, என்ன காத்து இது! பிளேனுக்கு முந்தி நான் பறந்திருவன் போல" என்றாள்.

பஸால் வரம்பில் முளை அடித்தான். ரப்பரை இழுத்துக்கொண்டு ஐம்பது காலடி பின்னால் நடந்தான். அவசரத்தில் விரலில் வைத்துத் தூக்கிப் பார்க்கவில்லை. றிஸ்னா ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். "விடுங்க மச்சான்!"

"பிஸ்மில்லாஹ்."

கிளைடர் கையை விட்டு ஏறியது. மூக்கைத் தூக்கியது. இதோ, என்று நினைத்தாள் சஹ்லா. இப்போது நிற்கும், இப்போது குத்தும். நூல் கழன்று விழுந்தது. கிளைடர் நிற்கவில்லை. குத்தவுமில்லை. சிவப்பு இறக்கையை வெயிலுக்குக் காட்டி ஒருமுறை சரிந்து, நிமிர்ந்து, அப்படியே மேலே கிடந்தது. தண்ணீரில் விட்ட இலைபோலக் கிடந்தது.

"ஒரு நிமிசம்" என்றாள் றிஸ்னா.

பருந்து ஒன்று தூரத்தில் வட்டமடித்தது. பஸால் கிளைடரை அதனடிக்குக் கொண்டுபோனான். இரண்டும் சேர்ந்து சுற்றின. ஒவ்வொரு சுற்றுக்கும் உயர்ந்தன.

"மூணு நிமிசம்! மச்சான், மூணு!"

"கதைக்காத மச்சி, தொட்டாலே துள்ளுது! இதுக்கு என்னமோ புடிச்சிரிக்கு!"

ஐந்து நிமிடமும் கடந்தது. ஸகியா மாமி தஸ்பீஹ் ஓதத் தொடங்கினாள். அப்போதுதான் காற்று தன் வேலையைக் காட்டியது. சுற்றிச் சுற்றி உயர்ந்த கிளைடரைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. வீதிக்கு மேலே, தென்னந்தோப்புக்கு மேலே, பள்ளிவாசல் மினாராவுக்கும் அப்பால். அதற்கப்பால் கடல். சிவப்பு ஒரு சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது.

"திரும்புதில்ல" என்றான் பஸால். ரிமோட்டை அழுத்தி அழுத்தித் திருப்பினான். "புள்ள, திரும்புதில்ல!"

அவன் கூப்பிட்டது தன்னை என்று சஹ்லாவுக்குச் சட்டென்று உறைத்தது. ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றாள். விழட்டும் என்று இரண்டு ஈயத்தை உருவியவள் இப்போது வாய்விட்டுக் கேட்டாள்: "யா அல்லாஹ், திருப்பிக் குடு. யா அல்லாஹ்." கண்ணிமைக்காமல் அந்தச் சிவப்பைப் பிடித்து வைத்துக்கொண்டாள். "மினாராவுக்கு வலப்பக்கம். தெரியுதா? மூக்கு இஞ்சால கிறுகிட்டு. ஓம், திரும்பிட்டு. மெல்லக் கொண்டு வாங்க."

மெல்ல வந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு, முழம் முழமாக. கடைசியில் அவர்கள் தலைக்கு மேல் வந்து, வைக்கோல் வரியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"பதினொரு நிமிசம்!" என்று கத்தினாள் றிஸ்னா.

பஸால் சஹ்லாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஆனால் வாய் அந்தப் பக்கம் திரும்பியது. "மச்சி! உன்ட கணக்கு, மச்சி! சூட்டுக் காத்து எண்டு சொன்ன, சரியாப் போச்சு!"

சஹ்லா கையை உருவிக்கொண்டாள்.

றிஸ்னா கிளைடரைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "இல்ல மச்சான். சூட்டுக் காத்து எண்டாலும் என்ட கணக்குக்கு இது இப்பிடி மிதக்கா." பென்சில் புள்ளியில் இரண்டு விரலை வைத்தாள். வால் சற்றே தாழ்ந்தது. மூக்கு மூடியைத் திறந்தாள். "நாலுதான் இரிக்கு. ரெண்டு எங்க?"

"நாலா?" பஸால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். "மோட்டர்சைக்கிள்ல குலுங்கி விழுந்திரிக்கும்."

"மூடி பூட்டித்தானே இருந்த?"

"அல்லாஹ்ட வேல மனே" என்றாள் ஸகியா மாமி. "அவன் நாடினான், ரெண்ட எடுத்திட்டான்."

தான் செய்ததை அல்லாஹ்வின் கணக்கில் எழுத சஹ்லாவுக்குப் பயமாக இருந்தது. றிஸ்னாவின் கணக்கில் எழுத அதைவிட மனமில்லை.

"நான்தான் எடுத்தன்" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். பஸாலின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த மலர்ச்சி வந்தது. சனிக்கிழமை வகுப்புக்கு வந்த அதே மலர்ச்சி. "நீயா? எப்பிடிப் புள்ள கண்டுபிடிச்ச? அண்டைக்கே சொன்னாய்தானே, ஈயத்தக் குறைச்சா என்ன எண்டு! நான் மடையன், கேக்கல்ல. மாமி, பார்த்தீங்களா? ஒன்றர மாசம் நாங்க வால், கம்பி எண்டு ஒண்டொண்டாக் கூட்டிக்கிட்டே போனம். என்ட பொஞ்சாதி ரெண்ட எடுத்திட்டுப் பேசாம இருந்திருக்கா!"

என்ட பொஞ்சாதி. ஒன்றரை மாதமாக அவள் காத்திருந்த சொல் அது. அதுவும் றிஸ்னாவுக்கு முன்னால். வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அவளுக்கே.

ஆனால் றிஸ்னா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் மூன்று பேரின் அபாயாவும் படபடக்க, சஹ்லாவுடையதன் வலது மூலை மட்டும் அசையாமல் தொங்கியதைப் பார்த்தாள். பார்த்து, விளங்கி, கண்ணை வரம்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காட்டிக்கொடுக்க மாட்டாள். நல்லவளாக இருந்து தொலைக்கிறாளே! இனிக் காலம் முழுக்க அவள் விட்டுக்கொடுத்த மிச்சமாகத்தான் அந்தச் சொல்லைத் தின்ன வேண்டும். அதுதான் சஹ்லாவால் முடியவில்லை.

"கண்டுபிடிக்கல்ல" என்றாள். "விழட்டும் எண்டுதான் எடுத்தன்."

"என்ன?"

"நல்லாப் பறக்கும் எண்டு எடுக்கல்ல. விழட்டும் எண்டு எடுத்தன்."

"உம்மா, வாங்க, நூலச் சுத்துவம்" என்று றிஸ்னா தாயின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு முழங்கால் ஏலாது மகள். இஞ்ச நிண்டு..."

"வாங்க உம்மா!" மாமியை இழுத்துக்கொண்டு கிழக்குப் பக்கமாக நூல் கிடந்த இடத்துக்குப் போனாள்.

பஸால் வரம்பில் உட்கார்ந்தான். கிளைடரை மடியில் வைத்துக்கொண்டான். அதன் மூக்கைத் தடவிப் பார்த்தான். பிறகு, "முறியட்டும் எண்டா?" என்றான்.

"முறியட்டும் எண்டு நினைக்கல்ல. விழட்டும் எண்டு மட்டும்."

"விழுந்தா முறியும்தானே புள்ள."

"அது எடுக்கக்குள்ள யோசிக்கல்ல."

"என்னத்துக்கு?"

அவ்வளவுதான், மடை திறந்தது. "இறக்கைய ஆர் ஒட்டின? எத்தின தரம் ஒட்டின? ஒரு தரமாச்சும் சஹ்லா ஒட்டின எண்டு வாயில வந்திச்சா? றிஸ்னா சொன்ன, றிஸ்னா வெச்ச. என்ட அயன் பெட்டிக்கும் அவட பேர்தான். நான் உங்கள மச்சான் எண்டு கூப்பிட்டு ஒன்றர மாசம். தெரியுமா?"

"இல்லியே... கூப்பிடுறாய்தானே?"

"பார்த்தீங்களா!" அழுகை வந்தது. அதைக் கோபமாக்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியும். அவட வீட்டுக்குக் கூர இல்ல, எங்கட வீட்டுக்கு ஓடு இருந்த. அதப் பார்த்துத்தானே வந்தீங்க. இப்ப அவவும் பிளேட் போடுறா."

பஸால் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று அவளுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"ஓடா? உங்கட வீட்டு ஓட்டப் பார்த்து வந்தவன் எண்டா மொத மாரிக்கே ஓடிப் போயிருப்பன். பதினொரு எடத்தில ஒழுகிச்சு புள்ள! ஏழு சட்டி, ரெண்டு வாளி. மிச்சம் ரெண்டு எடத்துக்கும் வைக்க ஏனமில்ல எண்டு உங்கட உம்மா, மருமகன் கொஞ்சம் தள்ளிப் படுக்கட்டும் எண்டு உன்னட்டச் சொல்லி விட்டாவே, ஞாபகமில்லியா?"

சஹ்லாவுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. அழுகையும் நிற்கவில்லை.

"அண்டைக்கு நீ கட்டில்ல இருந்து ஆர்டயோ அபாயாக்குக் கை தச்சிக்கிட்டு இருந்தாய். கரண்ட் இல்ல. ஒரு கையால குடையப் பிடிச்சிருந்தாய். குட உனக்கு இல்ல. துணிக்கு. நீ நல்லா நனையிறாய், துணி நனையல்ல. அதப் பார்த்துக்கிட்டு நிண்டன். அண்டைக்குத்தான்..."

நிறுத்திவிட்டான். காது சிவந்திருந்தது.

"அண்டைக்குத்தான்?"

"அண்டைக்குத்தான் ஓட்டுக்கு ஏறினன்" என்று சொல்லிவிட்டு, ஈயம் இருந்த மூடியை வீணாக இறுக்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "இறக்க நீ ஒட்டினதுதான். நான் சொல்லியிருக்கணும். அது என்ட பிழ" என்றான். "ஆனா விழட்டும் எண்டு நினைச்சியே, அது எனக்கு நோகுது புள்ள."

"ஓம்" என்றாள் சஹ்லா. அவளுக்கும் நொந்தது.

நூலைச் சுற்றி முடித்து றிஸ்னா பத்து அடி தள்ளி வந்து நின்றாள். மேலே வர யோசித்தாள். "தங்கச்சி" என்றாள். "வகுப்புக்கு இறக்க ஒட்ட ஆள் வேணும். மச்சான விட்டா பிள்ளைகளுக்கு ஓட்டை போடத்தான் படிப்பிப்பார். சனிக்கிழம நீங்களும் வாங்களன்."

"இறக்க நான்தான் ஒட்டின எண்டு தெரியுமா?"

"மச்சான்ட கைக்கு அப்பிடி வருமா? மொத நாளே தெரியும். நானும்தான் சொல்லல்ல." றிஸ்னா கொஞ்சம் தயங்கினாள். "சொல்லியிரிக்கலாம்."

ஏன் சொல்லவில்லை என்று சஹ்லா கேட்கவில்லை. றிஸ்னாவும் விளக்கவில்லை. ஆனால் ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் சரியாகவே பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய சுவரும் பல வருடம் பாசி பிடித்துத்தானே நின்றது என்று சஹ்லா நினைத்தாள். அந்த நினைப்பு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"வாறன் ராத்தா" என்றாள், அக்கா முறை வைத்து. "அயன் பெட்டி என்டதக் கொண்டு வருவன்."

ஸகியா மாமி நொண்டிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கம் போனாள். றிஸ்னா அங்கேயே நின்று நூல் உருளையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பஸால் எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டான். "அந்த ரெண்டு ஈயமும் எங்க?"

சஹ்லா காலைத் தூக்கிக் காட்டினாள். கரை கணுக்காலில் டொக்கென்று தட்டியது.

"தா, எடுத்து வைப்பம். வேற கிளைடர் செய்யக்குள்ள தேவப்படும்."

அவள் குனிந்து தையலைத் தொட்டாள். பிரிக்கவில்லை. நிமிர்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இரிக்கட்டும் மச்சான்" என்றாள்.

அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. காற்று றிஸ்னா நின்ற பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது.